முக்காடு போட்டுத்தான் வாசகம் வாசிக்கணுமா? எது அந்தக் காலத்து வழக்கம், எது உபதேசம்?

கரைவலைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடம் பக்கத்துக்காரி நான். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவ, இன்னைக்குத்தான் முதல் தடவ எழுதுறேன், பெருசா போயிட்டா மன்னிச்சுக்கங்க.

போன ஞாயிறு பூசையில ரெண்டாம் வாசகம் எனக்கு. மூணு வருசமா வாசிக்கிறேன், புதுசு இல்ல. சுடிதார், ஷால் வழக்கம்போல தோள்ல. பீடத்துப் படியில ஒரு கால் வச்சுட்டேன், முன் பெஞ்சுல இருந்த பெரியவர் ஒருத்தர், எனக்கு தாத்தா முறை, கைய நீட்டி மறிச்சு "தலைய மூடிட்டு ஏறு, இல்லன்னா எறங்கு"ன்னாக. மைக் ஆன்ல இருந்துச்சு, கோயில் பூரா கேட்டுச்சு. ஷால எடுத்து தலையில போட்டா அது வழுக்கி வழுக்கி விழுது, ஒரு கையால அதப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால புத்தகத்தப் புடிச்சுக்கிட்டு எப்படியோ வாசிச்சேன், ஒரே வரிய ரெண்டு தடவ வாசிச்சேன்னு பொறவு தங்கச்சி சொன்னா.

பூசை முடிஞ்சு கேட்டதுக்கு 1 கொரிந்தியர் 11 போய் படின்னாக. படிச்சேன். பவுல் எழுதுன கடிதம், ஜெபம் பண்ற பொம்பள தலைய மூடணும்னு உண்மையிலயே எழுதித்தான் இருக்கு. அண்ணன்கிட்ட காட்டுனா "அதெல்லாம் அந்தக் காலத்து கலாச்சாரம், விடு"ங்குறான். அம்மா "போட்டுட்டுப் போயேன், என்ன கொறஞ்சு போச்சு"ங்குது. அம்மா பாசி எடுக்கப் போறது, வெரல்ல துணி சுத்தி, கண்ணாடி மாட்டி, தலையில துணிய இறுக்கிக் கட்டித்தான் தண்ணிக்குள்ள எறங்கும். அது பக்திக்கு இல்ல, முடி பாறையில சிக்கிரக் கூடாதுன்னு.

ஆனா என் குழப்பம் முக்காடோட நிக்கல. சித்தப்பா மகன் ஒருத்தன் புதுசா ஒரு ஐக்கியத்துக்குப் போறான், அங்க லேவியர் 11 படி சிறகும் செதிளும் இல்லாதது எல்லாம் தீட்டுன்னு சொல்லிக் குடுத்துருக்காக. இறால், நண்டு, கணவாய், திருக்கை, சுறா ஒண்ணும் தொடுறதில்ல. அவன் வேலைக்குப் போறதோ இறாலுக்கு மடி இழுக்குற போட்டுல! பிடிக்கலாம் விக்கலாம் திங்கக் கூடாதாம். அண்ணன் அவனப் பாத்து சிரிக்கிறான், அது யூதருக்குச் சொன்னதுடான்னு. சரி, அதுவும் வழக்கம் இதுவும் வழக்கம்னா "உன் அயலான உன்னைப்போல நேசி"ங்கறது மட்டும் எப்படித் தப்பிச்சுச்சு? அதுவும் அதே லேவியர்லதான இருக்கு, 19:18. அதுக்கு அடுத்த வசனமே ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தாதேங்குது. ஒரு வசனத்த நெஞ்சுல வச்சுக்கிட்டு அடுத்த வசனத்தத் தாண்டிப் போறோமே, எந்தக் கோல வச்சு அளக்குறோம்?

தெரிஞ்சவுக சொல்லுங்க. சண்டை போட வேணாம்.

கச்சான்காத்து

மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே இந்த மாதிரி இழை ஓடும், 61 நாள் போட்டெல்லாம் கரையில கெடந்தா வேற என்ன பண்றது 😀 சுறாப்புட்டு பாவம்னா என் பேர முதல்லயே எழுதிக்கங்கப்பா.

ஒண்ணு மட்டும். "பரிசுத்த முத்தத்தினால் வாழ்த்துங்கள்"னு பவுல் நாலு கடிதத்துல சொல்றாரு, பேதுரு ஒரு தடவ சொல்றாரு, மொத்தம் அஞ்சு. முக்காடு ஒரே ஒரு இடத்துலதான். அந்தப் பெரியவர் இதுவரைக்கும் கோயில்ல எத்தன பேருக்கு முத்தம் குடுத்தாராம்? சமாதானம் சொல்றப்ப நாம எல்லாரும் கையக் கும்பிட்டுட்டு விட்டுர்றோம்ல.

தொண்டிச்சீமை

தம்பி கிண்டல் வேண்டாம். அந்தப் பெண் மனசு நொந்து கேட்டிருக்கிறாள்.

மகளே, நான் ஓய்வு பெற்ற வாத்தியார், சீர்திருத்த சபைக்காரன், உங்கள் கோயில் ஒழுங்கு எனக்குத் தெரியாது. பெரியவர் மைக் முன்னால் மறித்தது தவறு, அதில் ரெண்டு பேச்சு இல்லை. ஆனால் அவர் சுட்டிய வசனத்தை உன் அண்ணன் ஒரே வார்த்தையில் ஊதித் தள்ளியதும் தவறுதான். பவுல் கொரிந்து பட்டணத்துப் பழக்கத்தைக் காரணம் காட்டவில்லை. "புருஷன் ஸ்திரீயிலிருந்து தோன்றவில்லை, ஸ்திரீயே புருஷனிலிருந்து தோன்றினாள்" என்று சிருஷ்டிப்புக்குப் போகிறார், 8, 9 வசனம் பார். ஊர் வழக்கம் மாறும், சிருஷ்டிப்பு எப்படி மாறும்? கலாச்சாரம் என்ற சொல் உப்புத்தண்ணி மாதிரி, எந்த இரும்பையும் அரித்துவிடும். இன்று முக்காடு, நாளை விவாகம், மறுநாள் உயிர்த்தெழுதல். நிற்கிற இடம் எங்கே என்று முதலில் சொல்லுங்கள், பிறகு வழக்கம் என்று பேசலாம்.

வேதாளைக்காரன்

வாத்தியாரய்யா சொல்றதுல ஞாயம் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். அப்போஸ்தலர் 27, பவுல் போன கப்பல் புயல்ல மாட்டுது, ஆழம் அளக்க விழுது விட்டுப் பாக்குறாங்க, இருபது பாகம், கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாத்தா பதினஞ்சு பாகம். நாங்க இன்னைக்கும் பாகக் கணக்குதான். எக்கோ சவுண்டர் வந்த பொறவும் தாத்தா பாகத்துலதான் கேப்பாரு. பொறவு பின்னணியத்துல இருந்து நாலு நங்கூரம் போட்டாங்கன்னு இருக்கு, நாங்க அணியத்துல இருந்துதான் போடுவோம், பின்னால போட்டா அலை உள்ள ஏறிரும். நான் என்ன கேக்கேன்னா, வேதத்துல இருக்குன்னு எந்தச் சபையாவது நங்கூரத்தப் பின்னாலதான் போடணும்னு சொல்லுதா? நடந்தத எழுதியிருக்கு, அம்புட்டுதான். அப்ப எழுதியிருக்கறதுக்கும் செய்னு சொல்றதுக்கும் வித்தியாசம் உண்டுல்ல?

தொண்டிச்சீமை

நடந்ததும் கட்டளையும் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முக்காடு நடந்ததன் வரிசையில் வராது, செய் என்றே சொல்கிறார்.

ஓரியூரான்

கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க. குருமடத்துல அஞ்சு வருசம் இருந்துட்டு வெளிய வந்தவன், அந்தப் பழக்கம் விடாது.

தங்கச்சிக்கு முதல்ல நடைமுறை விசயம். கத்தோலிக்க சபையில 1917 திருச்சபைச் சட்டத்துல 1262ஆவது பிரிவு, பெண்கள் தலைய மூடணும் ஆண்கள் மூடக்கூடாதுன்னு இருந்துச்சு. 1983ல வந்த புதுச் சட்டத்துல அது இல்ல. அதனால விரும்புனா போடலாம், "எறங்கு"ன்னு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்ல.

இப்ப வாத்தியாரய்யா கேள்விக்கு. கொரிந்து பத்தி பிரசங்கத்துல ஒரு கதை சொல்வாங்க, மலை மேல அப்ரோதித்தி கோயில்ல ஆயிரம் தாசிகள், அவங்க தலைய மூட மாட்டாங்க, அதனால விசுவாசிப் பொண்ணுங்க மூடணும்னு. இந்த ஆயிரம் ஸ்த்ராபோங்கற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதுனது, அவர் சொன்னது பழைய கொரிந்த. அத கி.மு. 146ல ரோமர்கள் தரைமட்டமாக்கிட்டாங்க. பவுல் போன கொரிந்து ஜூலியஸ் சீசர் கி.மு. 44ல புதுசாக் குடியேத்துன ரோமப் பட்டணம். ஆக "பின்னணி"ன்னு நாம சொல்றதுலயே பாதி ஓட்டை. பின்னணி பேசுறவன் முதல்ல பின்னணியச் சரியாப் பேசணும், இல்லன்னா வாத்தியாரய்யா பயப்படுறது ஞாயம்தான்.

சரியான பின்னணி என்னன்னா, ரோமப் பழக்கத்துல பலி குடுக்குறப்ப ஆம்பள தன் மேலாடைய இழுத்துத் தலையில போட்டுக்குவான். அகுஸ்துஸ் சீசர் அப்படித் தலைய மூடிக்கிட்டு நிக்கிற சிலை கொரிந்துலயே தோண்டி எடுத்துருக்காங்க. பெரிய மனுசன்தான் பலி நடத்துவான், அதனால தலையில துணிங்கறது அந்தஸ்து. அந்த ஊர்ல பவுல் ஆம்பளையப் பாத்து மூடாதேங்குறாரு. இத நாம ஆறாம் வசனத்துக்கு ஓடுற அவசரத்துல நாலாம் வசனத்துலயே விட்டுர்றோம்.

நம்ம ஊர்ல வச்சுப் பாருங்க. பெரிய வீட்டுக்காரர் முன்னால போறப்ப தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டுன காலம் நம்ம அப்பா காலம். ஒரு முழத் துண்டு தோள்ல இருந்தா ஒரு அர்த்தம், இடுப்புல இருந்தா ஒரு அர்த்தம். வெளிநாட்டுக்காரன் பாத்தா துணின்னுதான் நெனப்பான். ரெண்டாயிரம் வருசம் கழிச்சு எவனாவது "துண்டை இடுப்பில் கட்டுவதே பக்தி"ன்னு சட்டம் போட்டா நாம சிரிக்க மாட்டோமா, இல்ல அழமாட்டோமா.

சிருஷ்டிப்பு வாதம். 8, 9ல அத எடுத்த பவுல் 11, 12ல தானே திருப்பிப் போடுறாரு, ஆனாலும் கர்த்தருக்குள்ள பெண் இல்லாம ஆண் இல்ல, ஆணும் பெண்ணாலதான் பிறக்கான்னு. அப்புறம் 14, "புருஷன் மயிரை நீளமாய் வளர்க்கிறது கனவீனம்"னு சுபாவமே போதிக்குதாம். அந்தச் சுபாவம் இயற்கைன்னா, பிறந்ததுல இருந்து முடி வெட்டாம கடவுளுக்குன்னு வளந்த சிம்சோன என்ன செய்ய? எண்ணாகமம் 6:5 பொருத்தனை, அதாவது நேர்ச்சை, பண்ணுனவன் முடிய வெட்டாதேங்குது, கடவுளே சொன்ன கட்டளை. பவுலே ஒரு பொருத்தனைக்காக கெங்கிரேயா துறைமுகத்துல தலைய சவரம் பண்ணுனாரு, அப்போஸ்தலர் 18:18. அப்ப இங்க சுபாவம்னா அந்த ஊர்ல எல்லாருக்கும் பழகிப்போனதுன்னுதான் அர்த்தம். கடைசியா 16ல அவர் பயன்படுத்துற வார்த்தையே "வழக்கம்". நாம ஒட்டுன பேர் இல்ல அது.

ஆக அந்த அதிகாரத்துல மாறாதது எது? அதே அஞ்சாம் வசனத்துல பொண்ணு சபையில ஜெபம் பண்றா, தீர்க்கதரிசனம் சொல்றா. பேசலாமாங்கற கேள்வியே அங்க இல்ல, எப்படி நின்னு பேசுறதுங்கறதுதான் கேள்வி. பெரியவர் அந்த வசனத்த வச்சுப் பொண்ண எறங்கச் சொன்னாரு, பவுல் அதுல பொண்ணு ஏறி நிக்கிறத எடுத்துக்கிட்டே பேசுறாரு.

கச்சான்காத்து

பெரியவர் வீட்ல மாட்டியிருக்க திரு இருதய ஆண்டவர் படத்துல முடி தோள் வரைக்கும் தொங்குமே, அது கனவீனமா 😀 கேட்டுச் சொல்லுங்க

மூக்கையூர்_அக்கா

பாப்பா உன் பதிவு படிச்சதும் என் கதைதான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு முக்காடு இல்ல, கம்மல்.

ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு காதுல மூக்குல கெடந்தத எல்லாம் கழட்டிக் குடுத்தேன், 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3. வருத்தமில்ல, அன்னைக்கு எனக்கு அது நெசமான சந்தோசம். ஆனா என் ஆச்சி, கிறிஸ்தவ மார்க்கம் தெரியாது அதுக்கு, என் வெறும் காதப் பாத்துட்டு ஒப்பாரி வச்சுச்சு. எதுக்கு ஆச்சி அழுகுறன்னு கேட்டா, "இந்தக் காதுல பொன்னு போடக் கூடாதுன்னு அவனுக சொன்னானுக, போராடிப் போட்டோம், இப்ப நீயா கழட்டிட்டு வந்து நிக்கிறியே"ங்குது. எனக்கு அப்பத் தெரியல. பொறவுதான் மகன் படிச்சுச் சொன்னான், 1930ல இதே ராமநாதபுரம் ஜில்லாவுல ஆதிதிராவிட சனங்க பொன் வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழ துணி கட்டக்கூடாதுன்னு மேல இருந்தவங்க தடை போட்டு அடிச்சிருக்காங்கன்னு.

ஒரே கம்மல். அந்தக் கடிதத்துல அது பெருமை, எங்க ஆச்சிக்கு அது மானம். நான் கழட்டுனது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. திருப்பிப் போடவும் இல்ல. மகளுக்கு மட்டும் போட்டு விட்டேன், சபையில ரெண்டு மாசம் யாரும் மொகம் குடுத்துப் பேசல.

ஓரியூரான்

அக்கா, இதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல.

ஒரு தகவல் மட்டும். 1 தீமோத்தேயு 2:9ல பொன்னோட முத்தும் வருது பாருங்க. அந்த முத்து நம்ம மன்னார் வளைகுடாவுல குளிச்செடுத்ததாக் கூட இருக்கலாம், அதே முதல் நூற்றாண்டுல இங்க இருந்து ரோமுக்கு முத்து போனதுக்கு எழுத்துச் சான்று இருக்கு. பிளினின்னு ஒரு ரோமர் புலம்பி வச்சிருக்காரு, லொல்லியா பவுலினாங்கற சீமாட்டி ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்சு (ரோமக் காசு) பெறுமான மரகதமும் முத்தும் மாட்டிக்கிட்டு வந்தா, வெலைச்சீட்டையும் காட்டத் தயாரா இருந்தான்னு. ஒரு வீட்ல கூடுற சின்ன சபை, ஒரு பக்கம் அடிமை, ஒரு பக்கம் இப்படி ஒரு சீமாட்டி. அங்க சொன்னது "உன் காச இங்க விரிக்காதே". அத அப்படியே கொண்டாந்து உங்க ஆச்சி காதுல வச்சா அர்த்தம் தலைகீழாப் போயிருது.

இன்னொண்ணு, 1 பேதுரு 3:3 பழைய தமிழ் மொழிபெயர்ப்புல "உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதல்"னு இருக்கும். கிரேக்கத்துல "உயர்ந்த" கிடையாது, வஸ்திரம் உடுத்துறதுன்னு மட்டும்தான். எழுத்துப்படி எடுத்தா துணியே உடுத்தக்கூடாதுன்னு வரும், அதனால மொழிபெயர்த்தவரே ஒரு சொல்லச் சேத்து காப்பாத்தி விட்டுட்டாரு. பொன்னுக்கு மட்டும் அந்தக் கருணை கிடைக்கல.

வேதாளைக்காரன்

அக்கா அழ வச்சுட்டீங்க.

நான் வேற ஒண்ணு சொல்லணும், மனசுல ரொம்ப நாளா கெடக்கு. வட்டி. யாத்திராகமம் 22:25, ஏழைக்குக் கடன் குடுத்தா வட்டி வாங்காதே. உபாகமம் 23:19 அதே. உபாகமம் 15ல ஏழு வருசத்துக்கு ஒரு தடவ கடனையே விட்டுரச் சொல்லுது. எங்க பக்கம் வலைக்கும் இஞ்சினுக்கும் முன்பணம் வாங்குனா மீன அவருக்கேதான் போடணும், அவர் சொல்ற வெலைதான், கடன் மட்டும் கொறையாது. அப்படிக் குடுக்கறவுகள்ல நாள் தவறாம பூசை காணுறவுகளும் உண்டு, முக்காடு விசயத்துல ரொம்பக் கறாரு. வட்டி வசனத்த எடுத்துக் காட்டுனா "அது அந்தக் காலத்து விவசாயச் சமூகம்டா, இப்ப பொருளாதாரமே வேற"ங்குறாங்க. பாத்தீங்களா, பொம்பள தலைக்கு வர்றப்ப உபதேசம், பெட்டிக்கு வர்றப்ப கலாச்சாரம்.

தொண்டிச்சீமை

வேதாளைத் தம்பி, குத்து சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் ஒருவன் வசனத்தைத் தனக்கு வசதியாக வளைக்கிறான் என்பதால் வசனத்தின் அர்த்தம் மாறிவிடாது. வட்டிக்காரனும் தவறு, முக்காடும் கட்டளை, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாமே?

ஓரியூரான் தம்பி எழுதியதில் சிம்சோன் எனக்கு இடிக்கிறது. யோசிக்கிறேன்.

கரைவலைப்பொண்ணு

ஐயா, அண்ணே, அக்கா எல்லாருக்கும் நன்றி. அக்கா பதிவ அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், எதுவும் பேசாம எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு.

1 பேதுரு 3 தொடக்கத்துலயே ஒண்ணு கண்ல பட்டுச்சு. 3:1 "அந்தப்படி மனைவிகளே"ன்னு தொடங்குது. எந்தப்படின்னு பாக்க முந்தின அதிகாரத்துக்குப் போனா 2:18ல "வேலைக்காரரே"ன்னு இருக்கு, குறிப்புல பாத்தா அது வீட்டு அடிமைங்க, முரட்டு எசமானுக்கும் கீழ்ப்படியணுமாம். அப்ப ஒரே மூச்சுல சொன்னது, நடுவுல அதிகார எண் விழுந்ததால நமக்கு ரெண்டாத் தெரியுது. அடிமை வைக்கிறத இன்னைக்கு எந்தச் சாமியாரும் எந்தப் பாஸ்டரும் உபதேசம்னு சொல்ல மாட்டாக. அப்ப முதல் பாதி வழக்கம், "அந்தப்படி"க்குப் பொறவு உபதேசமா?

ஓரியூரான்

தங்கச்சி நீ குருமடத்துக்கு வந்திருந்தா எங்களுக்கு வேலை இருந்திருக்காது. அதிகாரப் பிரிவு பேதுரு போட்டது இல்ல, 13ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஸ்டீபன் லாங்டன்னு ஒரு ஆயர் போட்டது.

அடிமை விசயம்தான் இந்தக் கேள்விக்கு உரைகல். அமெரிக்காவுல தோட்ட முதலாளிங்க எபேசியர் 6:5 வச்சுத்தான் பிரசங்கம் கேட்டாங்க, எழுத்துப்படி அவங்க பக்கம்தான் வசனம். எதிர்த்தவங்க வெளிய இருந்து எதையும் கொண்டாரல, யாத்திராகமத்தையும், "இனிமேல் அடிமையானவனாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக"ங்கற பிலேமோன் கடிதத்தையும் தூக்கிக்கிட்டு நின்னாங்க.

வாத்தியாரய்யா நிக்கிற இடம் எங்கன்னு கேட்டாங்கள்ல, என் பதில் மத்தேயு 19. மனைவிய விலக்கத் தள்ளுதல் சீட்டு குடுக்கலாம்னு மோசே எழுதியிருக்காரேன்னு பரிசேயர் வசனத்தோட வர்றாங்க. இயேசு என்ன சொல்றாரு? "உங்கள் இருதயகடினத்தினிமித்தம் மோசே உங்களுக்கு இடங்கொடுத்தார், ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை." வேதத்துல எழுதியிருக்க ஒண்ண, இது அந்த மனுசங்களுக்காக எறங்கி வந்து குடுத்ததுன்னு பிரிச்சுக் காட்டுறாரு. அதுவும் தனக்கு வசதியா இல்ல, ஆம்பளைக்கு இருந்த வசதியப் புடுங்குறதுக்கு! நான் பாக்குறது அதத்தான். வழக்கம்னு சொல்லி ஒதுக்குறப்ப பாரம் யார் தோள்ல இருந்து எறங்குது, யார் தோள்ல ஏறுது?

எங்க ஊர் கதையும் இதேதான். அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ, லிஸ்பன்ல இருந்து வந்தவரு, காவி கட்டி, காய்கறிச் சோறு தின்னு, பண்டாரச் சாமியாத் திரிஞ்சாரு. துணி, சாப்பாடு, பேரு எல்லாத்தையும் மாத்துனாரு, வழக்கம்தானன்னு. இந்தப் பக்கத்து மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டப்ப மட்டும் ஒரு மனைவி போதும், மத்தவங்கள விடுன்னாரு. ஆபிரகாமுக்கு, யாக்கோபுக்கு, தாவீதுக்கு எத்தன மனைவி? வசனம் வச்சு வாதாடுனா தேவர் பக்கமும் பேசலாம். இவரு அத ஒத்துக்கல. அப்படி விலக்கப்பட்டதுல ஒருத்தி சேதுபதி வீட்டு உறவு, அது அரண்மனைக்குப் போயி, 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூர் மணல்ல அருளானந்தர் தலை போச்சு. எது வழக்கம் எது உபதேசம்னு பிரிச்சதுக்கே இந்தக் கரையில ஒரு உசிரு போயிருக்கு.

அதுல இன்னொரு கூத்து, அருளானந்தர் மாதிரி மிசனரிங்க வழக்கம்னு ஏத்துக்கிட்ட பல விசயத்த 1744ல ரோம் தப்புன்னு தடை பண்ணுச்சு, அந்தத் தடைக்குக் கட்டுப்படுறோம்னு மிசனரிங்க எல்லாம் சத்தியம் வேற பண்ணணும். அந்தச் சத்தியம் 1940லதான் போச்சு. ரோமுக்கே இந்தக் கோடு எங்க போடுறதுன்னு 200 வருசம் ஆச்சு.

கரைவலைப்பொண்ணு

அண்ணே ஒண்ணு கேக்கவா. அந்த விலக்கப்பட்ட பொம்பளைங்க என்ன ஆனாங்க? சேதுபதி உறவுக்கு அரண்மனை இருந்துச்சு. மத்தவுகளுக்கு? பாரம் யார் தோள்ல ஏறுதுன்னு நீங்கதான கேட்டீங்க.

ஓரியூரான்

பதில் இல்ல தங்கச்சி. அவங்க பேர எந்தத் திருநாள் பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல. ஓரியூர்க்காரனா இருந்தும் இது வரைக்கும் தோணவே இல்ல.

தொண்டிச்சீமை

இரண்டு நாளாக யோசித்தேன். சிம்சோனைத் தாண்ட முடியவில்லை, சுபாவம் என்ற சொல் அங்கே வழக்கம்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சமாதானமாகவும் இல்லை, ஏனென்றால் இதைவிடப் பெரிய ஒன்று தட்டுப்பட்டது.

அப்போஸ்தலர் 15. எருசலேமில் எல்லாரும் கூடி, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதிய தீர்ப்பு. நாலே காரியம்: விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். இதில் கடைசி ஒன்றை எல்லாச் சபையும் இன்றைக்கும் உபதேசம் என்கிறது. முதல் மூன்றை யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் உட்கார அன்று தேவைப்பட்ட ஏற்பாடு என்று விட்டுவிட்டோம். என் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் உண்டு, நாற்பது வருசமாகத் தின்கிறேன். ஒரே வாக்கியத்துக்குள் மூன்றை வழக்கம், ஒன்றை உபதேசம் என்று நானே பிரித்துத் தின்றிருக்கிறேன், யாரையும் கேட்காமல்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். "அப்ப இந்த வாரம் வாங்கவா வேணாமா"ன்னு கேட்கிறாள்.

கச்சான்காத்து

வாங்கச் சொல்லுங்கய்யா, பவுல் கடையில விக்கிறத மனசாட்சியக் கேட்டுக்கிட்டு நிக்காம வாங்கித் தின்னுன்னு 1 கொரிந்தியர் 10:25ல சொல்லிட்டாருல்ல. (நானும் படிக்கிறேன், பாத்தீங்களா)

அப்புறம் பின்னணி பத்தி. பணக்காரன் பரலோகம் போறதவிட ஒட்டகம் ஊசிக் காதுல நுழையறது லேசுன்னு இயேசு சொன்னாருல்ல, அதுக்கு எருசலேம்ல ஊசிவாசல்னு ஒரு குட்டி வாசல் இருந்துச்சு, ஒட்டகம் மண்டி போட்டா நுழைஞ்சிரும்னு எங்க கன்வென்சன்ல சொன்னாங்களே, அது நெசமா?

ஓரியூரான்

இல்ல தம்பி. அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்துல இருந்ததுக்கு எந்தச் சான்றும் கெடையாது, ரொம்பப் பிற்காலத்துல வந்த கதை. பணக்காரன் மண்டி போட்டா நுழைஞ்சிரலாம்னு ஆறுதல் சொல்ல யாரோ கட்டிவிட்ட வாசல். வேதாளையார் சொன்ன பெட்டி விசயம்தான், பின்னணிங்கற பேர்ல உபதேசத்தோட முனைய மழுக்குறது.

வேற ஒண்ணு உண்டு, சில பிந்தைய கையெழுத்துப் படிகள்ல ஒட்டகம்ங்கற கிரேக்கச் சொல்லுல ஒரே எழுத்து மாறி கப்பல் கயிறுன்னு வருது. ஆனா ஒட்டகம்தான் மூலம்.

வேதாளைக்காரன்

கயிறோ ஒட்டகமோ. நேத்து வலை பொத்துறப்ப அத நெனச்சு சும்மா பாத்தேன், வலை ஊசியில நரம்பு ரெண்டு இழை சேத்துக் கோக்குறதுக்கே நாக்குத் தள்ளுது, நங்கூர வடம் எங்க போக.

கரைவலைப்பொண்ணு

இன்னைக்கு சாயங்காலம் அந்தப் பெரியவரப் பாத்தேன். வாடியில உக்காந்து வலை பொத்திக்கிட்டு இருந்தாக. நானே போய் உக்காந்தேன், தாத்தா 1 கொரிந்தியர் 11 படிச்சேன்னு சொல்லி நாலாம் வசனம், அஞ்சாம் வசனம், சிம்சோன் எல்லாம் சொன்னேன். திரு இருதயப் படத்து முடியையும் சொன்னேன், அதுக்கு மட்டும் லேசா சிரிச்சாக.

பொறவு ஊசிய கீழ வச்சுட்டு அவுகளாவே சொன்னாக. அவுக தனுஷ்கோடியில பிறந்தவுக. அவுக ஆத்தா கோயிலுக்குன்னு தனியா ஒரு வெள்ளத் துணி வச்சிருந்துச்சாம், தலைக்கு மட்டும் போட, வேற எதுக்கும் தொடாது. 64 டிசம்பர் புயல்ல வீடு, பெட்டி, துணி எல்லாம் போச்சு. இந்தப் பக்கம் வந்து குடிசை போட்ட பொறவு ஆறு மாசம் ஆத்தா கோயிலுக்கே வரலையாம், தலைய மூடத் துணி இல்லன்னு. வெளிய வேலி ஓரமா நின்னுக்கிட்டு பூசை மணி கேட்டா கும்பிட்டுட்டுப் போகுமாம். "அந்த மரியாதை எங்க, இப்ப நீங்க எங்க"ன்னாக.

அவுக அத பக்தின்னு சொன்னாக. எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு, எல்லாத்தையும் கடல்ல விட்டுட்டு வந்த ஒரு பொம்பளைய ஒரு முழத் துணி ஆறு மாசம் வெளிய நிக்க வச்சிருக்கேன்னு. ஆனா அவுக கண்ணு கலங்கி இருந்துச்சு, அத அந்த நேரத்துல சொல்ல எனக்கு வாய் வரல. வலையோட ஒரு முனைய இழுத்துப் புடின்னாக, புடிச்சுக்கிட்டு இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

வர்ற ஞாயிறு முதல் வாசகம் எனக்கு. எப்படிப் போறதுன்னு இன்னும் முடிவு பண்ணல.

வேதாளைக்காரன்

ஞாயிறு முடிஞ்ச கையோட எழுதிரு தாயி. ஜூன் 14 ராத்திரியோட தடை முடியுது, அதுக்கு மேல நாங்க கடல்ல கெடப்போம், சிக்னல் கெடைக்காது.